வலையை அறுத்தா காசு யாரு தருவா?

போன இதழ்ல பாக் விரிகுடா ஆவுளியா பத்தி நாலு பக்கம் எழுதியிருந்தோம், அதோட கடைசி வரி "பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லாம இந்த விலங்கைக் காப்பாத்த முடியாது"ன்னு முடிஞ்சது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம், இத்தனை வாட்ஸ்அப், ரெண்டு பேர் வாய்ஸ் மெசேஜ்லயே நல்லா குடுத்திருக்காங்க. ஒத்துழைப்புன்னா என்ன, அதை யார்கிட்ட கேக்கறீங்க, பதிலுக்கு என்ன தரப்போறீங்கன்னு எல்லாரும் சுத்திச்சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்கறாங்க. சரி, இந்த வாரம் முழுக்க அதுதான். போன இதழ் படிக்காதவங்களுக்கு சுருக்கமா: ஆவுளியான்னா கடல்பசு, கடலுக்கு அடியில வளர்ற புல்லை மேயற பாலூட்டி, 3 மீட்டர் வரைக்கும் நீளம், 400 கிலோ எடைக்குக் குறையாம வளரும், நம்ம நாட்டுல மொத்தமே ஏறக்குறைய 240தான் மிச்சம்னு அரசாங்கத்தோட மதிப்பீடு, அதுல பெரும்பங்கு நம்ம பாக் விரிகுடாவுலதான்.

கேள்வி: வனத்துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பொதுமக்களை எதற்கு இதில் இழுக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பட்டுக்கோட்டை

ஐயா, சட்டம் இருக்கு, கடுமையாவே இருக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ஆவுளியா முதல் அட்டவணையில வருது, புலியைக் கொன்னா என்னவோ அதேதான் இதுக்கும், 3 வருஷத்துலேந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். 2022 செப்டம்பர் 21-ம் தேதி தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு பாதுகாப்பகம்னு தமிழக அரசு அறிவிச்சாச்சு, இந்தியாவுக்கே அதுதான் முதல்.

இப்ப நடைமுறைக்கு வாங்க. ராத்திரி ரெண்டரை மணி, கரை கண்ணுக்குத் தெரியல, வலையில ஒரு ஆவுளியா சுத்திக்கிச்சு. அது மீன் இல்ல, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணிக்கு மேல வந்து மூச்சு வாங்கியே ஆகணும், வலை கீழ பிடிச்சு இழுத்தா மூச்சு முட்டி செத்துரும். அந்த நேரத்துல அங்க இருக்கறது படகுல ரெண்டு மூணு பேரு மட்டும்தான், போன் போட்டு ஆபீசர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், அதுவும் டவர் கிடைச்சாத்தான் போனே. 13, 14 மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடற விலங்கு, அடுத்த குட்டிக்கு 3 வருஷத்துலேந்து 7 வருஷம் வரை ஆகும், அதனால வளர்ந்த பொட்டை ஒண்ணு வலையில போச்சுன்னா அந்த இடம் நிரம்ப பல வருஷம். ஆக அந்த ராத்திரியில அந்தப் படகுல என்ன முடிவு எடுக்கறாங்களோ அதுதான் ஆவுளியாவோட தலையெழுத்து, நம்ம இழுத்தாலும் இழுக்கலைன்னாலும் அவங்க ஏற்கனவே இதுக்குள்ளதான் இருக்காங்க.

இன்னொண்ணு, இது நெறைய பேருக்குத் தெரியாது. பாதுகாப்பகம்ங்கறது சரணாலயம் மாதிரி கிடையாது. சட்டத்துல 36அ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதன்படி உள்ளூர் மக்களைக் கலந்து பேசிட்டுத்தான் இந்த மாதிரி இடத்தை அறிவிக்கவே முடியும், அதை நிர்வாகம் பண்ற குழுவுல சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி இருக்கணும்னும் போட்டிருக்கு. உங்க பக்கத்து கடலோர ஊராட்சியில போய் அந்த பிரதிநிதி யாரு, கடைசியா எப்ப கூட்டம் நடந்துச்சு, என்ன பேசினாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன் ஐயா. நீங்க தலைமையாசிரியரா இருந்தவரு, உங்க கேள்விக்குக் கொஞ்சம் எழுந்து நின்னு பதில் சொல்லுவாங்க.

கேள்வி: ஆவுளியா மாட்டுனா வலையை அறுத்து விடுன்னு மேடைக்கு மேடை சொல்றாங்க. சரி அறுத்துட்டேன். வலைக்கு காசு யாரு தருவா? அன்னைக்கு தொழிலு போச்சே அதுக்கு யாரு பதில் சொல்றது?
– நாட்டுப்படகு மீனவர், மல்லிப்பட்டினம் பக்கம்

அண்ணே, வந்த அத்தனை கேள்வியிலயும் இதுதான் கேள்வி. இதுக்கு ஒழுங்கா பதில் இருந்தா மத்ததெல்லாம் தானா நடக்கும், இது இல்லாம எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது சுவத்துக்குத்தான் அழகு.

குஜராத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். வேராவல் பக்கம் திமிங்கலச் சுறாவை வருஷா வருஷம் குத்திக் கொன்னுட்டு இருந்தாங்க, அதோட ஈரல் எண்ணெயை மரப்படகுக்குப் பூசுவாங்க, கறி வெளிநாட்டுக்குப் போகும். 2001-ல அதை முதல் அட்டவணையில சேத்தாங்க, மீனவர்களுக்கு அதுவே தெரியாது. 2004-ல வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியாங்கற தொண்டு அமைப்பும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து ஒரு பிரசாரம் ஆரம்பிச்சாங்க, அதுல ராமாயணக் கதை சொல்ற மொராரி பாபு வந்து, இந்த மீன் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்ற பொண்ணு மாதிரி, வந்த பொண்ணை யாராவது அடிப்பாங்களான்னு பேசினாரு. எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க, கேக்க நல்லாவும் இருக்கு. ஆனா எனக்கு என்னமோ விஷயம் அடுத்ததுலதான் இருக்குன்னு படுது. வலையை அறுத்து விட்டா வனத்துறை 25,000 ரூபாய் வரைக்கும் நஷ்டஈடு குடுக்கும்னு சொன்னாங்க. மொதல்ல அதிகாரி வந்து நேர்ல பாத்தாத்தான் காசுன்னு இருந்தது, அவர் வர்ற வரைக்கும் மீன் வலையிலயே கிடக்கும், அது எப்படி சரிப்படும்? அதனால மீனவர் கையிலயே கேமராவைக் குடுத்து, நீங்களே போட்டோ எடுங்க, நீங்களே விடுங்க, போட்டோவைக் காட்டி காசு வாங்கிக்கங்கன்னு மாத்தினாங்க. இதுவரைக்கும் 900-க்கும் மேல திமிங்கலச் சுறாவை அந்த மீனவர்களே விட்டிருக்காங்க. மகாராஷ்டிராவும் 2018 டிசம்பர்லேந்து இதே மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினா 25,000 வரைக்கும்னு கொண்டு வந்துச்சு, அங்க ஆமை, டால்பின் எல்லாத்துக்கும் சேத்து.

நம்ம பக்கம் ஆவுளியாவை விட்டவங்களுக்கு வனத்துறையும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் ரொக்கப் பரிசு குடுத்து பாராட்டிட்டுதான் வர்றாங்க, மீனவர்களையே தன்னார்வலரா சேத்துக்கிட்டு எங்க பாத்தோம்னு தகவல் சொல்ற ஏற்பாடும் இருக்கு, மீனவர் பிள்ளைங்களுக்கு ஆவுளியா பேர்லயே உதவித்தொகை குடுத்திருக்காங்க. நல்ல விஷயம், குறை சொல்லல. ஆனா அண்ணே, பரிசு வேற நஷ்டஈடு வேற. பரிசு யாருக்குக் குடுக்கறதுங்கறது குடுக்கறவங்க இஷ்டம், கலெக்டருக்கு எப்ப தேதி கிடைக்குதோ அப்பதான் விழா, சால்வை போட்டு போட்டோ எடுப்பாங்க. நஷ்டஈடுங்கறது உங்க உரிமை, எந்த வலை, எத்தனை வயசான வலை, எவ்வளவு அறுந்துச்சுன்னு ஒரு கணக்கு இருக்கணும், அது பத்து பதினைஞ்சு நாளுக்குள்ள அக்கவுண்ட்ல ஏறணும், அடுத்த வலை வாங்கறதுக்கு வட்டிக்குப் போற நிலைமை வரக்கூடாது. உங்க சங்கம் மூலமா கேக்க வேண்டியது இதைத்தான். "எங்களையும் பாராட்டுங்க"ன்னு கேக்காதீங்க, "வலைக்கு இவ்வளவு, தொழில் போன நாளுக்கு இவ்வளவு, இத்தனை நாளுக்குள்ள"ன்னு எழுத்துல கேளுங்க. பாதுகாப்பகக் குழு கூட்டத்துல உங்க ஊராட்சி பிரதிநிதி தீர்மானமா வெக்கட்டும்.

நீங்க எழுதாத ஒண்ணையும் நான் சொல்லிடறேன், செத்த ஆவுளியா வலையில வந்தா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க, சொன்னா கேஸ் போடுவான், படகைப் பிடிப்பான், நாலு நாள் ஸ்டேஷனுக்கு அலைய விடுவான்னு பயம். அந்த பயம் இருக்கற வரைக்கும் எத்தனை சாகுதுன்னே வெளிய தெரியாது. தெரியாம மாட்டினதையும் வேணும்னு பிடிச்சதையும் பிரிச்சுப் பாக்கற மாதிரி, தானா வந்து சொன்னவனை அலைய விடாத மாதிரி ஒரு நடைமுறை எழுத்துல இருந்தாத்தான் ஆளுங்க சொல்லுவாங்க.

விடற முறை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, இருந்தாலும் படிக்கற சின்னப் பசங்களுக்காக: மொதல்ல இன்ஜினை அணைங்க, மூக்கு தண்ணிக்கு மேல இருக்கற மாதிரி வலையைத் தூக்கிப் பிடிங்க, இழுத்து உருவப் பாக்காதீங்க, அறுங்க, வாலுல கயிறு கட்டாதீங்க, படகுல ஏத்தாதீங்க, குட்டின்னா தாய் பக்கத்துலயே இருக்கும் அதனால அந்த இடத்துலயே விடுங்க. தகவல் சொல்ல கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தோட 1093 இருக்கு.

கேள்வி: எங்கள் கல்லூரியில் அழிந்துவரும் விலங்குகளுக்காக வாக்கத்தான், உறுதிமொழி, செல்ஃபி பாயிண்ட் எல்லாம் வைத்து விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். புதுமையாக ஐடியா கொடுங்கள்.
– கல்லூரி மாணவி, சென்னை

வாக்கத்தான்ல நடக்கப் போறீங்கல்ல, அதை ராத்திரி நடங்கம்மா. கிண்டல் இல்ல, நிஜமாவே சொல்றேன். உங்க சென்னையிலயே 1988-லேந்து மாணவர்கள் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்புன்னு ஒண்ணு இருக்கு, ஜனவரிலேந்து முட்டையிடற மாசம் பூரா ராத்திரி ராத்திரி கடற்கரையில மைல் கணக்குல நடந்து, பங்குனி ஆமை முட்டை போட்ட குழியைக் கண்டுபிடிச்சு, நாய்க்கும் மனுஷனுக்கும் அகப்படறதுக்குள்ள முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துல வெச்சு, குஞ்சு பொரிஞ்சதும் கடல்ல விடறாங்க. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு பேட்ச் பசங்களும் அடுத்த பேட்சுக்குக் கைமாத்தி விட்டு நடந்துட்டே இருக்கு. டார்ச் அடிக்கக் கூடாது, பிளாஷ் போட்டு போட்டோ எடுக்கக் கூடாது, மணல்ல தடம் பாக்கத் தெரிஞ்சிருக்கணும். 2025 ஜனவரியில சென்னைக் கரையில ஆயிரத்துக்கும் மேல செத்த ஆமை ஒதுங்கினப்ப, எங்க எத்தனை ஒதுங்குதுன்னு சொல்லத் தெரிஞ்சது இப்படி நடக்கறவங்களாலதான்.

விழிப்புணர்வு வேண்டாம்னு சொல்லல. ஆனா "காப்பாத்துவோம்"னு உறுதிமொழி எடுத்துட்டு மறுநாள் காலையில எடுத்தவங்க என்ன பண்ணணும்னு யாராவது சொல்றாங்களா? அதுதான் என் சந்தேகம். அஸ்ஸாம்ல பூர்ணிமா தேவி பர்மன்னு ஒரு விஞ்ஞானி, ஹார்கிலான்னு ஒரு பெரிய நாரை, பாக்கறதுக்கு மொட்டைத்தலையும் தொங்கற பையுமா அசிங்கமா இருக்கும், குப்பைமேட்டுல மேயும், கூடு கட்டின மரத்துக்குக் கீழ நாத்தம் தாங்காது. 2007-ல ஒருத்தர் தன் வீட்டு மரத்தை வெட்டிட்டாரு, குஞ்செல்லாம் கீழ விழுந்துச்சு, இந்தம்மா போய்க் கேட்டா ஊரே சேந்து அவங்களைக் கிண்டல் பண்ணியிருக்கு. அவங்க ஆராய்ச்சிப் படிப்பைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு தாதாரா கிராமத்துப் பொம்பளைங்ககிட்ட போனாங்க. சேந்து சமைச்சாங்க, பாட்டு பாடினாங்க, குஞ்சு பொரிக்கற சீசன்ல அந்த நாரைக்கு வளைகாப்பு மாதிரி விழாவே எடுத்தாங்க. அத்தோட நிறுத்தியிருந்தா அதுவும் ஒரு செல்ஃபி பாயிண்ட்தான். தறியும் நூலும் ஏற்பாடு பண்ணி அந்த நாரை உருவம் போட்ட துணி நெய்து விக்க வழி பண்ணாங்க, மரத்துச் சொந்தக்காரன் வீட்டுக்குள்ள காசு வந்துச்சு. இன்னைக்கு அந்தப் பொம்பளைங்க படையில 10,000 பேருக்கு மேல. அந்தப் பக்கம் 28 கூடு இருந்தது 250-ஐத் தாண்டிடுச்சு, 2023-ல உலக அளவுல அந்தப் பறவையை அழியும் பட்டியல்லேந்து ரெண்டு படி கீழ, அச்சுறுத்தலை நெருங்கற நிலைக்கு இறக்கினாங்க.

உங்க நிகழ்ச்சிக்கு வர்றேன். செல்ஃபி பாயிண்ட்டுக்கு ஆகற செலவை வெச்சு ஒரு மீனவரை, ஒரு வேட்டைத்தடுப்புக் காவலரைக் கூப்பிட்டு அவங்க போக்குவரத்து, அன்னைக்குப் போன கூலி ரெண்டையும் குடுத்துப் பேச வைங்க. நீங்க பேசாதீங்க, கேள்வி மட்டும் கேளுங்க.

கேள்வி: எங்க ஊருல கடலும் கிடையாது காடும் கிடையாது, வெறும் கரடுதான். நாங்க என்ன பண்றது?
– விவசாயி, கடவூர் அருகில்

கடவூர்னு போட்டுட்டு என்ன பண்றதுன்னு கேக்கறீங்களே! உங்க கரட்டுலதான் தேவாங்கு இருக்கு. 2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 11,806 ஹெக்டேர் உங்களைச் சுத்தி தேவாங்கு சரணாலயமா அறிவிச்சிருக்காங்க, நாட்டுலயே முதல். தேவாங்கு ராத்திரி பூச்சி பிடிச்சுத் தின்னுட்டு மரத்துக்கு மரம் கிளை வழியாவே போற ஜீவன், தரையில இறங்கினா நாய், ரோடுன்னு ஆபத்துதான். வேலியோரத்து மரத்தை மொட்டையடிக்காம விடுங்க, கிளையோட கிளை சேந்திருக்கட்டும். மருந்தடிக்கறதைக் கொஞ்சம் குறைச்சா அதுக்கு சோறு, உங்களுக்கும் பூச்சிக்கு ஒரு ஆள். ராத்திரி அந்த ரோட்டுல வண்டியை மெதுவா ஓட்டுங்க. அப்புறம் மாந்திரீகத்துக்குத் தேவாங்கு வேணும்னு எவனாவது வந்து கேட்டா பேரையும் வண்டி நம்பரையும் மனசுல வெச்சுக்கிட்டு வனத்துறைக்குச் சொல்லிடுங்க.

கேள்வி: கடலுக்குள்ள இருக்கிற ஆவுளியாவை எப்படி எண்ணுறாங்க? எங்க கிளாஸ் பசங்க சேர்ந்து எண்ண முடியுமா?
– 9-ம் வகுப்பு மாணவி, அதிராம்பட்டினம்

கஷ்டம்தான் பாப்பா. பாக் விரிகுடா ஆழம் கம்மி ஆனா தண்ணி கலங்கல், அது மூக்கை மட்டும் நீட்டிட்டு உள்ள போயிடும். அதனால ட்ரோன் விட்டுப் பாக்கறாங்க, முங்கிப் போய் கடல் புல் படுகையில அது மேஞ்ச தடத்தைப் பாக்கறாங்க, புல்லை வேரோட பிடுங்கித் தின்னுட்டே போகும்ங்கறதால அந்தத் தடம் தனியா தெரியும், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ திங்கும்னா பாத்துக்கோ. எல்லாத்தையும் விட முக்கியம் மீன்பிடிக்கப் போறவங்ககிட்ட கேக்கறது. சீனாவுல ஆவுளியா இன்னும் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஆராய்ச்சியாளர்கள் தெற்குக் கடலோரத்துல 66 ஊர்ல 788 மீனவர்களைப் போய்ப் பாத்துப் பேசினாங்க. பாத்திருக்கேன்னு சொன்னவங்களே ரொம்பக் கம்மி, அவங்களும் கடைசியா பாத்தது சராசரியா 23 வருஷத்துக்கு முன்னாடி. 2022-ல அந்த முடிவை வெச்சுத்தான் சீனக் கடல்ல ஆவுளியா செயலளவுல அழிஞ்சே போச்சு, அதாவது மீண்டு வர்ற அளவுக்கு மிச்சம் இல்லன்னு அறிவிச்சாங்க. மிஷின் எதுவும் இல்ல பாரு, உக்காந்து பேசினது மட்டும்தான்.

அதையே நீங்க உங்க ஊர்ல பண்ணலாம். வீட்டுல தாத்தா, சித்தப்பா, பெரியப்பா யாராவது கடலுக்குப் போனவங்க இருப்பாங்க, கடைசியா எப்ப பாத்தீங்க, எந்த இடம், எந்த மாசம், தனியாவா குட்டியோடயா, அந்த இடத்துல புல்லு முன்ன மாதிரி இருக்கா – இவ்வளவுதான், ஒரு நோட்டுல எழுதுங்க. வருஷா வருஷம் அடுத்த கிளாஸ் தொடரட்டும். பயாலஜி டீச்சர்கிட்ட சொல்லி அதை வனத்துறைக்கு அனுப்புங்க. ஆனா ஒரு கண்டிஷன், எந்த இடத்துல பாத்தாங்கங்கறதை இன்ஸ்டாவுல போடாதீங்க, வீடியோ எடுத்தாலும் இடத்தைச் சொல்லாதீங்க. நல்லவங்க மட்டும் அதைப் பாக்கறதில்ல. இப்பவே எண்ணணும்னு ஆசையா இருந்தா பொங்கல் சமயத்துல நடக்கற பறவைகள் கணக்கெடுப்புல சேந்துக்கோங்க, 2015-லேந்து நடக்குது, வீட்டு மொட்டை மாடியிலயே பண்ணலாம்.

கேள்வி: ஆவுளியா சாவுக்கு ஏழை நாட்டுப்படகுக்காரன்தான் காரணமா? விசைப்படகு கடலடியை மொத்தமா வாரிட்டு போறதை எழுத உங்க பத்திரிகைக்கு தைரியம் இருக்கா?
– வாய்ஸ் மெசேஜ்ல திட்டினவர்

இருக்கு. எழுதறேன், திட்டினதையும் வாங்கிக்கறேன்.

கடல் புல் இல்லாம ஆவுளியா இல்ல, பாதுகாப்பகத்துக்குள்ள சுமார் 12,250 ஹெக்டேருக்குக் கடல் புல் இருக்கறதாலதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தாங்க. விசைப்படகு கட்டி இழுக்கற இழுவலை அதும்மேல போனா புல்லும் போச்சு, புல்லுக்குள்ள வளர்ற இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாமும் போச்சு. கரையிலேந்து 3 கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு 1983 சட்டமே இருக்கு, ரெண்டு படகு சேந்து ஒரே வலையை இழுக்கற இரட்டைமடிக்குத் தடை இருக்கு, ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கு, பாக் விரிகுடாவுல வாரத்துல மூணு நாள் விசைப்படகு நாலு நாள் நாட்டுப்படகுன்னு அவங்களுக்குள்ளயே ஒரு ஏற்பாடும் இருக்கு. இதுல எது ஒழுங்கா நடக்குது எது நடக்கலைன்னு எனக்கு மேல உங்களுக்குத் தெரியும். 2017-ல 2,000 இழுவலைப் படகை ஆழ்கடல் சூரை மீன் பிடிக்கற படகா மாத்தறோம்னு திட்டம் போட்டாங்க, ஒரு படகுக்கு 80 லட்சம், அதுல 70 சதவீதம் மானியம். நினைச்ச வேகத்துல நடக்கல. மிச்ச 24 லட்சத்தைக் கைக்காசும் கடனுமா புரட்டி, பழக்கமில்லாத தொழிலுக்கு, நாள் கணக்குல ஆழ்கடல்ல கிடக்கறதுக்கு யாரு சட்டுனு சம்மதிப்பா சொல்லுங்க.

அதனால பொதுமக்கள் பங்கேற்புன்னு சொல்லி, பாரத்தை எல்லாம் சின்ன மீனவன் தலையில கட்டிட்டு பெரிய படகைக் கண்டுக்காம விட்டா அது ஏமாத்து வேலை, அதுல நீங்க சொல்றதோட எனக்கு எந்த வித்தியாசமும் இல்ல. ஆனா ஒண்ணு, ஆவுளியா மாட்டறது இழுவலையில மட்டும் இல்ல, கட்டி விடற செவுள் வலையிலயும் கரைவலையிலயும் மாட்டுது, அதையும் மறைக்க முடியாது. ரெண்டையும் ஒரே மூச்சுல பேசறதுதான் நேர்மை. 3 கடல் மைல் கோட்டைக் காக்கச் சொல்லி நாட்டுப்படகு மீனவன் பல வருஷமா கத்திட்டு இருக்கான், அதே கோட்டுக்குள்ளதான் ஆவுளியாவும் மேயுது, ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே இடம். அரசாங்கம் அதைச் செஞ்சு குடுத்துட்டு வலையை அறுத்து விடச் சொல்லிப் பாக்கட்டும், நிலைமையே வேற மாதிரி இருக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் இன்னமும் ரகசியமாக ஆவுளியா கறி கைமாறுகிறது. புகார் செய்தால் சொந்தபந்தத்துக்குள்ளேயே பகை வரும். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பேர் போடல, ஊரும் போடல, கவலைப்படாதீங்க.

நாகாலாந்து கதை ஒண்ணு இருக்கு. தோயாங் நீர்த்தேக்கம் பக்கத்துல அக்டோபர், நவம்பர்ல அமுர் வல்லூறு லட்சக்கணக்குல வந்து தங்கும், சைபீரியா பக்கத்துலேந்து ஆப்பிரிக்காவுக்குப் போற வழி அது. 2012-ல மீன்வலையைக் காட்டுக்குள்ள கட்டி அந்தப் பறவையை ஆயிரம் ஆயிரமா பிடிச்சு விக்கறதை சில பேர் வீடியோ எடுத்து உலகத்துக்கே காட்டிட்டாங்க, பெரிய அவமானம். அதிகாரிங்க மட்டும் போய் மிரட்டியிருந்தா ஒரு சீசன் பயந்திருப்பாங்க. பாங்தி மாதிரி கிராமங்கள்ல ஊர்க்கவுன்சிலே உக்காந்து பேசி, இனிமே பிடிச்சா ஊர் அபராதம்னு தீர்மானம் போட்டாங்க, சர்ச்சுலயும் சொன்னாங்க, வலை கட்டினவங்களே காவலுக்கும் போனாங்க. 2013-ல ஒரு பறவையைக் கூடப் பிடிக்கல. அந்த வருஷம் சேட்டிலைட் கருவி மாட்டி விட்ட மூணு பறவைக்கு நாகா, பாங்தி, வோக்கான்னு அவங்க இனத்தோட பேரையும் ஊர்ப் பேரையுமே வெச்சாங்க. அதுல கொஞ்ச பேருக்கு அந்த சீசன் வருமானம் நின்னுபோய் கஷ்டமாத்தான் ஆச்சு, அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

நம்ம கடலோரத்துலயும் ஊர்க் கமிட்டிக்கு இருக்கற மரியாதை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிடையாது, எந்த வலை போடலாம் எந்த நாள் போகக்கூடாதுன்னு ஊர் சொன்னா சொன்னதுதான். நீங்க ஒருத்தரா புகார் குடுக்காம, ஊர்ல மதிப்பு உள்ள ரெண்டு மூணு பெரியவங்ககிட்ட, மசூதியோ சர்ச்சோ கோயிலோ எதுவா இருந்தாலும் அங்க பேசற ஆள்கிட்ட முதல்ல போங்க. ஏழு வருஷம் ஜெயிலுன்னு மிரட்டற மாதிரி ஆரம்பிக்காம, ஊருக்குக் கெட்ட பேர் வருது, ஒருத்தன் விக்கற கறிக்கு எல்லார் படகையும் சோதனை போடுவான்னு எடுத்துச் சொல்லச் சொல்லுங்க, அது அவங்களுக்கு உடனே புரியும். அதுக்கும் அடங்காம வியாபாரமா பண்றவன்னா அப்ப வனத்துறைதான், வேற வழியில்ல, தகவல் சொன்னவர் பேரை வெளிய விடக்கூடாதுன்னு சொல்லியே குடுங்க.

கேள்வி: ஆவுளியாவை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? எந்தப் படகுக்காரரை அணுகலாம்?
– வாசகர், கோவை

எங்கயும் போகாதீங்க சார், யாரையும் அணுகாதீங்க. கலங்கல் தண்ணியில நீங்க பாக்கப்போறது அதிகபட்சம் ஒரு மூக்கு, அதுக்காகப் படகு அதைத் துரத்தும், படகு இடிச்சும் அது சாகும். தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்துல இருக்கற மனோராவுல பன்னாட்டு கடல்பசு பாதுகாப்பு மையம் கட்டறதா அரசு அறிவிச்சிருக்கு, அது வந்ததும் குடும்பத்தோட போய்ட்டு வாங்க, மனோரா கோபுரமும் பாத்த மாதிரி ஆச்சு.